வேட்டி கேட்டவரும் பிட்காயின் கேட்டவரும்

உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜவுளிக்கடையோ, லாரி ஷெட்டோ, அச்சகமோ, எதுவாயிருந்தாலும் சரி, கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்க, அவருக்கு ஒரு கை தள்ளி, சாய்வுப் பெட்டிக்குப் பின்னால் சம்மணமிட்டு, ஒரு பக்கம் கால் ஒடிந்த மூக்குக்கண்ணாடியை நூல் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு, முதலாளி உட்பட இந்த உலகத்தில் ஒருவரையும் நம்புவதில்லை என்ற தீர்மானத்தோடு பேரேட்டின்மேல் கவிழ்ந்திருப்பார் ஒரு கணக்குப்பிள்ளை. விருதுநகரில் நான் வேலைக்குச் சேர்ந்த பருப்பு மண்டியில் அவருக்குப் பெரிய கணக்கு என்று பெயர். சின்னக் கணக்கு என்று யாரும் இருந்ததில்லை. இருந்திருந்தால் அவர் விட்டுவைத்திருக்க மாட்டார்.

அவருடைய பேரேடுகள் சிவப்புத் துணி அட்டை போட்டவை. ஆயுத பூஜையன்று மூலைகளில் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் அதற்குக் கீழே ‘லாபம்’ என்ற சொல்லும் எழுதப்பட்ட பிறகுதான் அவற்றுக்கு உயிர் வரும். மூட்டை எண்ணும்போதுகூட ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். எழுதியதை அழிப்பது என்ற பழக்கமே அங்கு கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு சுருக்கெழுத்து. தப்பு என்னவென்று முப்பது வருடம் கழித்தும் யாரும் படித்துக்கொள்ளலாம். இருட்டும் நேரத்தில் சிட்டாவும் ரொக்கமும் ஒத்துப்போக வேண்டும். முப்பத்தைந்து காசு இடித்தாலும் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. முதலாளி அண்ணாச்சி தன் பையிலிருந்து எடுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றால், “அப்போ நாளைக்கு எழுபது காசு இடிக்கும்” என்பார். இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில், இன்னொன்று வீட்டில் ஆச்சியின் முந்தானையில். ஆச்சி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிவிட்டால் அன்றைக்கு மண்டியில் எல்லா வியாபாரமும் கடன்தான்.

இந்த மெதுவான, புகையிலை மணக்கும், யாருக்கும் அவசரமில்லாத ராஜ்ஜியத்துக்குள்தான் 1991-இன் கடைசியில் நான் போய் நின்றேன். பி.காம். முடித்துவிட்டு, மதுரையில் ஒரு மாடியறையில் டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளைக் கற்றுக்கொண்டு, சட்டைப்பையில் இரண்டு பேனாவும் தலைக்குள் கொஞ்சம் காற்றும் வைத்துக்கொண்டு திரிந்த காலம். அண்ணாச்சியின் மகன், அவரைச் சின்னவர் என்போம், மண்டியைக் கணினிமயமாக்குவதென்று முடிவு செய்து, வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் கண்ணாடியால் ஒரு கூண்டு கட்டி, அதில் ஏ.சி. வைத்தார். தெருவிலேயே அதுதான் முதல் ஏ.சி. அண்ணாச்சிக்குக் கைவிசிறி, கம்ப்யூட்டருக்குக் குளிர்சாதனம். வாசலில் நான் ஒரு பலகை தொங்கவிட்டேன்: செருப்பைக் கழற்றிவிட்டு வரவும். நீங்களும் கழற்றியிருப்பீர்கள், அந்தக் காலத்தில் எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு விட்டார்கள்? தூசிக்காக என்று சிலர் சொன்னார்கள். செருப்பில்தான் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்பியவர்களும் உண்டு, அவர்களைத் திருத்த நான் அவ்வளவாக முயலவில்லை. வெறுங்காலோடு, கை கட்டி, குளிரில் சிலிர்த்துக்கொண்டு மண்டிக்காரர்கள் என் முன்னால் நின்றதில் ஓர் அர்ச்சகருக்குரிய சந்தோஷம் எனக்கிருந்தது.

பெரிய கணக்கு ஒருமுறை வந்து பார்த்தார். திரையில் பச்சை எழுத்து மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைக் கேட்டார். நான் விசையைத் தட்டியதும் வந்தது. சற்று நேரம் பார்த்தார்.

“தம்பி, இதை மாத்தி எழுதினா அடியில பழசு தெரியுமா?”

“தெரியாது தாத்தா. புதுசுதான் இருக்கும். அதான் இதுல வசதி.”

அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுத்த மார்ச்சில்தான் எனக்கும் அவருக்குமான பெரிய யுத்தம் நடந்தது. மைக்கலாஞ்சலோ என்றொரு வைரஸ், அந்த ஓவியர் பிறந்த மார்ச் 6-ஆம் தேதி விழித்தெழுந்து வன்தட்டின் தலைப்பகுதியைக் குப்பையாக்கிவிடும் என்று உலகமெங்கும் பரபரப்பு. அமெரிக்காவில் ஜான் மெக்காஃபி ஐம்பது லட்சம் கணினிகள் வரை சாகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் செத்தவை அதில் ஒரு சிறு துளிதான். எங்கள் கணினிக்கு வெளியுலகத் தொடர்பு என்று பார்த்தால் மதுரை நண்பன் கொடுத்த ஒரு விளையாட்டு ஃப்ளாப்பி மட்டுமே. ஆனாலும் ஆபத்து என்னைத் தேடி விருதுநகருக்கு வரும் என்பதில் ஒரு கௌரவம் இருந்ததே! பத்திரிகைகளில் வந்த யோசனைப்படி மார்ச் 5 சாயங்காலமே கணினியின் தேதியை ஏழு என்று மாற்றிவைத்தேன். வைரஸ் விழித்துப் பார்க்கும்போது அதன் நாள் கடந்து போயிருக்கும். உலகத்தை ஏமாற்றிய திருப்தியோடு மறுநாள் பில் போட்டேன். எல்லாம் 8-ஆம் தேதியிட்டு வந்தன. சாயங்காலம் பெரிய கணக்கு மண்டி முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்: “1992 மார்ச் ஆறு, வெள்ளிக்கிழமை. அருப்புக்கோட்டைப் பார்ட்டிக்குத் துவரம்பருப்பு பதினைந்து மூட்டை. நம்ம ஏட்டுல வெள்ளிக்கிழமை இருக்குப்பா. தம்பி டப்பாவிலதான் ஒரு நாளைக் காணோம்.”

ஆனால் அவருக்கும் எனக்கும் ஓர் உடன்படிக்கை இருந்தது. ஃப்ளாப்பியைச் சொல்கிறேன். ஐந்தேகால் அங்குலம், அப்பளம் கணக்காக வளையும், உறையிலிருந்து எடுத்து ஊதிவிட்டுச் செருகுவோம். ஊதினால் ஈரம்தான் படும், பயன் ஒன்றுமில்லை என்று பிற்பாடு படித்தேன். ஊதும் சுகம் வேறு. தினமும் மாலையில் அன்றைய கணக்கை இரண்டு பிரதி எடுப்பேன். ஒன்று பூட்டுள்ள கண்ணாடிப் பெட்டியில் என்னிடம். இன்னொன்றைப் பெரிய கணக்கு தன் மஞ்சள் பையில், வெற்றிலைச் செல்லத்துக்குப் பக்கத்தில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார். எனக்கு அது வேடிக்கையாயிருந்தது. அதில் என்ன இருக்கிறதென்று அவரால் படிக்க முடியாது. படிக்க முடியாததையும் பத்திரப்படுத்த வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் கொண்டுவந்து நீட்டும்போது, “போட்டுப் பாரு, உசிர் இருக்கா” என்பார். போட்டுக் காட்டினால்தான் நகர்வார். பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பி ஒன்றிரண்டு அப்படித்தான் அகப்பட்டன.

பெரிய கணக்கைப் புனிதர் ஆக்கிவிட்டேனோ என்று சந்தேகம் வருகிறது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிந்து தீபாவளி போனஸ் பேச்சு தொடங்கும் வேளையில், அவருக்குக் கோபம் வரும். காரணம் எதுவாகவும் இருக்கலாம். காப்பியில் சர்க்கரை குறைந்தது, நான் அவர் பேரேட்டைத் தொட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மல்லாங்கிணறில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். மண்டி அப்படியே நின்றுபோகும். பேரேடு இதோ மேசைமேல் திறந்துதான் கிடக்கும், ஆனால் ஒருவராலும் வாசிக்க முடியாது. பழைய ஆள் இல்லையா, மாகாணி, அரைக்கால், முக்காணி என்று பின்னங்களுக்கெல்லாம் தமிழ்க் குறிகளைப் போட்டு, பெயர்களைத் தனக்கு மட்டும் விளங்கும் சுருக்கத்தில் எழுதியிருப்பார். ‘தெ. கோணக்கால்’ என்றால் எந்தத் தெரு, யாருடைய கால்? அண்ணாச்சி ஒருநாள் பார்ப்பார், இரண்டாம் நாள் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து ஆள் அனுப்புவார். பேச்சுவார்த்தை நடக்கும். எட்டு முழ வேட்டி ஒரு ஜோடி, அதுவும் அசல் பருத்தி, கரை ஒரு விரற்கடை குறையக் கூடாது. போனஸில் ஒரு சின்ன ஏற்றம். கம்ப்யூட்டர்த் தம்பி பேரேட்டைத் தொடக் கூடாது. ஒப்புக்கொண்டதும் மூன்றாம் நாள் காலையில் ஒன்றுமே நடவாததுபோல் சாய்வுப் பெட்டிக்குப் பின்னால் இருப்பார், மண்டி மறுபடி மூச்சுவிடும்.

கணக்கைப் பிணையாகப் பிடித்துவைத்துப் பணயம் கேட்கும் தொழிலை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். அதற்கு முன்பே உலகத்தில் கம்ப்யூட்டர் வழியாக அது தொடங்கியிருந்தது என்பதைப் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். லாகூரில் பாசித், அம்ஜத் என்ற அண்ணன் தம்பிகள் 1986-இல் உருவாக்கிய ‘பிரெய்ன்’ என்ற வைரஸுக்குள் தங்கள் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதியிருந்தார்கள். எவ்வளவு மரியாதையான காலம் பாருங்கள், வைரஸ்கூட விசிட்டிங் கார்டோடு வந்தது! 1989 டிசம்பரில் ஜோசப் பாப் என்ற உயிரியலாளர் பெயரில் எழுந்த விவகாரம்தான் பணயத் தொழிலின் பிள்ளையார் சுழி. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சுமார் 20,000 ஃப்ளாப்பிகள் தபாலில் போயின. கணினியைத் தொண்ணூறு தடவை இயக்கியதும் கோப்புகளின் பெயர்களெல்லாம் உருமாறிப்போகும். பனாமா நாட்டின் ஒரு தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்பினால் வழி பிறக்கும் என்று பிரிண்டரில் ஓலை வரும்.

அந்த ஃப்ளாப்பி விருதுநகருக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் தனியாகச் சிரித்ததுண்டு. 189 டாலர் அன்றைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல். அதைப் பனாமாவுக்கு அனுப்ப 1973-ஆம் வருட அந்நியச் செலாவணிச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம், மூன்று பிரதி, நோக்கம் என்ற கட்டத்தில் ‘கொள்ளைக்காரருக்கு’ என்று எழுத வேண்டும், அதன்மேல் வங்கி மேலாளரின் கையொப்பம். இதையெல்லாம் முடித்து அண்ணாச்சி பணம் அனுப்புவதற்குள் கொள்ளைக்காரரே சலித்துப்போய் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார். சிவப்பு நாடா என்று நாம் அத்தனை வசைபாடிய சமாச்சாரம் எத்தனை பேரைக் காப்பாற்றியதோ! இன்றைக்கு எந்தப் படிவமும் இல்லாமல், எந்த மேலாளரின் முகத்தையும் பார்க்காமல், பிட்காயின் பத்து நிமிஷத்தில் கடல் தாண்டிவிடுகிறது.

பிறகு எல்லாம் வேகமாக மாறின. டேலி என்ற கணக்கு மென்பொருள் வந்தது, நான் பெருமையோடு எழுதிய டிபேஸ் நிரல் ஓய்வு பெற்றது. இணையம் வந்தது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் அஞ்சல் எங்கள் தெருவுக்குள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் பெயரில் வந்து சேர்ந்தது. வரித் தாக்கலுக்குத் தாளெல்லாம் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கும் ஆடிட்டர் திடீரென்று காதலைச் சொன்னால் சந்தேகப்படாத வியாபாரி உண்டா? ஒருவரும் திறக்கவில்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் பெரிய கணக்கு காலமானார். அவருடைய பேரேடுகளைச் சின்னவர் எடைக்குப் போட்டார். கொஞ்ச நாள் தெருமுனையில் வடை அந்தத் தாளில்தான் மடித்துக் கொடுக்கப்பட்டது. 1978-இல் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எண்ணெய்க் கறைக்கு நடுவே படித்துக்கொண்டு மக்கள் டீ குடித்தார்கள். தரவுக் கசிவு என்று அதற்கு அப்போது பெயரில்லை. அந்த மாகாணிக் குறிகளைப் படிக்க ஆளில்லாததால் யாருக்கும் சேதமும் இல்லை.

ஏ.சி. கூண்டைப் பிரித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் கல்லாவுக்கே வந்துவிட்டது. செருப்பு, வத்தல் தூசி, பன் பட்டர் ஜாம் எல்லாவற்றோடும் அது ஒத்துப்போனது. ஃப்ளாப்பி போய் சி.டி., சி.டி. போய் பென்டிரைவ், அதுவும் போய் எப்போதும் சொருகியே இருக்கும் ஒரு வெளிவட்டு. யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதில்லை, தானாகவே பிரதி எடுத்துக்கொள்ளும். நானும் ஓய்வு பெற்றேன். 2020 ஊரடங்கில், கணக்குப் பார்த்த பெண் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை செய்ய வசதியாக, சர்வீஸுக்கு வந்த ஒரு பையன் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழியைத் திறந்துவைத்துவிட்டுப் போனான். பெரிய கணக்கு காலத்தில் மண்டிக்குள் ஒரு பெண் வந்து கணக்கு எழுதுவதை யாராவது கற்பனை செய்திருப்பார்களா? அவள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வரி தாக்கல் செய்தாள். அந்தக் கதவு திறந்ததற்காக வருத்தப்பட என் மனம் இடங்கொடுக்காது. மண்டியின் பெயரும் 123-உம் சேர்ந்த கடவுச்சொல்லைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியவில்லை.

ஊரடங்கெல்லாம் ஓய்ந்து, ஒரு பங்குனிப் பொங்கல் நேரத்தில், வருடக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில், அண்ணாச்சியின் பேரன் போன் செய்தான். “மாமா, டேலி திறக்க மாட்டேங்குது. எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாலயும் ஏதோ வால் மாதிரி முளைச்சிருக்கு.” போய்ப் பார்த்தேன். அவ்வளவு மரியாதையான ஒரு கடிதத்தை நான் அந்த மண்டியில் கண்டதில்லை. கவலைப்பட வேண்டாம், உங்கள் கோப்புகள் பத்திரமாகப் பூட்டப்பட்டுள்ளன, எங்களை இந்த வழியில் தொடர்புகொள்ளவும், நம்பிக்கைக்காக இரண்டு சிறு கோப்புகளை இலவசமாகத் திறந்து காட்டுவோம். மூட்டைக்குள் குத்தூசி விட்டு ஒரு கை பருப்பை மாதிரிக்கு எடுத்துக் காட்டுவதுபோல! தாமதித்தால் விலை ஏறும் என்று அடியில் ஒரு வரி. அதுவும் மண்டி வழக்கம்தான்.

“விருதுநகர்ல இருக்கிற நம்மளை எதுக்கு மாமா?” என்று பேரன் திரும்பத் திரும்பக் கேட்டான். எல்லாச் சிறு நிறுவனங்களும் கேட்கிற கேள்வி இது. அவர்களுக்கு விருதுநகரும் தெரியாது, துவரம்பருப்பும் தெரியாது. உலகமெங்கும் இரவும் பகலும் கணினிகள் கதவு தட்டிக்கொண்டே போகின்றன. தொலைவிலிருந்து நுழையும் வழிக்கு வழக்கமாக 3389 என்று ஒரு வாசல் எண். அது திறந்திருந்தால் கடவுச்சொற்களை ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்க்கின்றன. திறந்துகொண்டால், ஆளில்லாத சனிக்கிழமை இரவாகப் பார்த்து உள்ளே வந்து, முதலில் கணினி தானாக வைத்திருக்கும் பழைய பிரதிகளை அழித்து, சொருகிக் கிடக்கும் வெளிவட்டையும் பூட்டி, கடைசியில்தான் கடிதம் வைக்கிறார்கள். மேகத்தில் பிரதி எடுக்கும் கோப்புறை ஒன்றும் பேரனிடம் இருந்தது. அது மிகவும் விசுவாசமானது. பூட்டிய கோப்புகளை ஒன்றுவிடாமல் மேலே அனுப்பி, பழையவற்றின்மேல் அழகாகப் படியவைத்திருந்தது. மாற்றி எழுதினால் அடியில் பழசு தெரியுமா என்று ஒரு மனிதர் வெறுங்காலோடு நின்று கேட்டது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பேரனை ஆறுதல்படுத்தப் பெரிய இடத்துக் கதைகளைச் சொன்னேன். 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. அடைக்க வேண்டிய ஓட்டைக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் விழுந்தார்கள். அதன் மிரட்டல் ஓலை 28 மொழிகளில் வந்ததாம், தமிழ் இல்லை. செம்மொழிக்கு இப்படி ஓர் அவமானம்! 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையே நாள்கணக்கில் கையால் சீட்டு எழுதியது. 2024 ஜூலை கடைசியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் தாக்கப்பட்டபோது, கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் என்று ஏறத்தாழ 300 வங்கிகளின் பணப் பரிவர்த்தனை தடைப்பட்டதாகச் செய்தி வந்ததும் பேரன்தான் எனக்குப் போன் போட்டுச் சொன்னான். “நம்ம தேவலை மாமா” என்ற அவன் குரலில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. சின்னவர்கள் எத்தனை பேர் சேர்ந்து ஒரே பெரியவர் தோளில் தொங்குகிறோம் என்பது, அந்தத் தோள் சரியும்போதுதான் தெரிகிறது.

பணம் கொடுக்கவில்லை. கொடுத்தால் திறப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. திறந்தாலும் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, வெளியிட்டுவிடுவோம் என்று இரண்டாம் முறை கேட்பதும் இப்போது தொழில்முறை. பெரிய கணக்கு வேட்டியை வாங்கிக்கொண்டு எதிர் மண்டிக்காரரிடம் நம் பாக்கிப் பட்டியலைக் கொடுத்ததில்லை. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி இப்படி நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். ஆறு மணி நேரத்தில் நாங்கள் ஜோசியர் வரைக்கும்தான் போயிருந்தோம். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் மற்றவர்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் பல பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. தேடிப் பார்த்தோம், எங்கள் பூட்டுக்கு அங்கே சாவி இல்லை.

பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. ஆடிட்டரிடம் போன வருடப் பிரதி இருந்தது. அதற்குப் பின் விற்றதெல்லாம் ஜி.எஸ்.டி. தளத்தில் இருந்தது. 2017-இல் அந்த வரி வந்தபோது கடைத்தெருவே அதைத் திட்டித் தீர்த்தது, இப்போது அதே தளம் நம் கணக்கை நமக்கே திருப்பித் தந்தது. வங்கிக் கணக்கிலிருந்து வரவுகள் கிடைத்தன. விவசாயிகளிடம் வாங்கியதும் சில்லறைக் கடைக்காரர்களின் பாக்கியும்தான் எங்கும் இல்லை. கைக்குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்ட அந்தப் பெண்தான் போனை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தாள். கணக்குச் சரிபார்ப்பு என்று மட்டும் சொன்னாள்.

“எங்க சிட்டைல நாப்பத்திரெண்டாயிரம் இருக்கும்மா. உங்ககிட்ட எவ்வளவு காட்டுது?”

திரையில் ஒன்றுமே காட்டவில்லை. “சரியாத்தான் அண்ணே இருக்கு, அதையே போட்டுக்கிறேன்” என்றாள் கண்ணிமைக்காமல்.

முக்கால்வாசிப் பேர் தங்கள் கைச்சிட்டையைப் பார்த்துச் சரியாகச் சொன்னார்கள். சிலருக்கு ஞாபகம் கொஞ்சம் விடுப்பில் போயிருந்தது. அவர்கள் பெயர்களையும் அவள் குறித்து வைத்திருக்கிறாள். எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டுகளை வைத்து ஒரு டிஜிட்டல் மண்டி எழுந்து உட்கார்ந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் சென்னையிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார், மடிக்கணினியும் படக்காட்சியுமாக. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய கணக்கு அது. ஒரு பிரதியாவது கம்பியில் சேராமல் தனியாகக் கிடக்க வேண்டும், ஒரு பிரதி அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். நுழைவதற்குக் கடவுச்சொல்லோடு இன்னொரு சாவியும் வேண்டும், அது வேறொரு கையில் இருக்க வேண்டும். தினசரி வேலைக்கு நிர்வாகி அதிகாரம் கூடாது, புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது, 3389-ஐ வெளியுலகத்துக்கு மூடிவிட வேண்டும். யாரையும், முதலாளி உட்பட, நம்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த பிரதியை அவ்வப்போது போட்டுப் பார்த்து உயிர் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து காசுக்காக எங்களை வீட்டுக்கு விடாத அந்தச் சிடுமூஞ்சித்தனத்தைத்தான் நாங்கள் வேகம் வேண்டுமென்று வழியனுப்பிவைத்தோம். இப்போது அது கோட்டு மாட்டிக்கொண்டு, மாதச் சந்தாவில் திரும்பி வந்திருக்கிறது.

பேரன் கெட்டிக்காரன். பாதியைச் சந்தாவுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தானே செய்கிறான். கணக்குப் பார்க்கும் பெண்ணின் கைபேசிக்கு எண் வந்தால்தான் அவன் உள்ளே போக முடியும். அவள் வளைகாப்புக்குப் போன அன்று மண்டியில் மறுபடி எல்லாம் கடன். வெளிவட்டு இப்போது இரண்டு. வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று சொருகப்படும், மற்றொன்று மண்டியை விட்டு வெளியே போகும். யார் வீட்டுக்கு என்று யோசித்தபோது, வேலை வெட்டி இல்லாத, யாரையும் நம்பாத ஒரு வயதானவர் தேவைப்பட்டார். “மாமா, நீங்கதான் சரி” என்றான். மாதம் ஒருமுறை போய் வட்டைச் சொருகி, ஏதாவதொரு பேரேட்டைத் திறந்து பார்த்து, உயிர் இருக்கிறது என்று சொல்லும்வரை அந்தப் பெண்ணை வீட்டுக்கு விடுவதில்லை. அவளுக்கு என்மேல் நல்ல எரிச்சல். அது எனக்குச் சந்தோஷமாயிருக்கிறது. சம்பளம் கிடையாது, தீபாவளிக்கு ஒரு ஜோடி வேட்டி.

இந்த வருடம் வந்தது பாலியஸ்டர் கலந்தது. கரையும் விரற்கடைக்குக் குறைவு. வட்டு என் வீட்டு பீரோவில் இருக்கிறது, சாவி என்னிடம். பேரனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மூன்று நாள் மல்லாங்கிணறு பக்கம் போய்விட்டு வரலாமென்று இருக்கிறேன் என்று மட்டும் போனில் சொன்னேன். ஜவுளிக்கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று அவன் யாரையோ கேட்டது என் காதில் விழுந்தது.